ஸ்கோப் மாட்டினால் குறி வந்துவிடுமா?

வாகடில் எனக்குத் தெரிந்த நாலைந்து தமிழ் வீடுகளிலாவது இப்போது ஏர் ரைஃபிள் நுழைந்துவிட்டது. காரணம் தெரிந்ததுதான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கோலாப்பூர் பையன் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் ரைஃபிளில் வெண்கலம் வாங்கினார். அவர் பயிற்சி எடுத்த பாலேவாடி, நமக்கு முளா ஆற்றைத் தாண்டினால் வந்துவிடும். ஹிஞ்சவடி டிராஃபிக்கில் நிற்கிற நேரத்தில் போய்த் திரும்பலாம். நல்ல விஷயம்தான். என் சண்டை துப்பாக்கியோடு இல்லை, அதன் தலையில் அப்பாக்கள் ஆசையாக மாட்டிவிடுகிற ஸ்கோப்போடு.

ஒலிம்பிக்கின் 10 மீட்டர், 50 மீட்டர் ரைஃபிள் இரண்டிலுமே தொலைநோக்கி ஸ்கோப்புக்கு அனுமதி கிடையாது. பின்னால் ஊசித்துளை மாதிரி பீப் சைட், முன்னால் ஒரு வளையம், அவ்வளவுதான். அந்த வளையத்துக்குள் கறுப்பு வட்டத்தை நிறுத்தி, மூச்சை அடக்கி, விசையை அலுங்காமல் அழுத்தப் பழகுவதுதான் மொத்த வித்தையும். 10 மீட்டர் இலக்கில் பத்துக்கான புள்ளி வெறும் 0.5 மி.மீ. சாதாரண ஸ்கோப்பின் குமிழை ஒரு கிளிக் திருப்பினாலே அந்தத் தூரத்தில் குறி சுமார் 0.7 மி.மீ. நகர்ந்துவிடும். இஞ்சினியர்கள்தானே எல்லோரும், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள் (சிரிப்பான்).

'போட்டியெல்லாம் வேண்டாம், மாமனார் தோப்பில் டப்பா சுடத்தான்' என்கிறீர்களா? அப்படியானால் ஒழுங்காக மாட்டுங்கள். ஏர் ரைஃபிளின் மேல் பெரும்பாலும் இருப்பது 11 மி.மீ. டவ்டெயில் பள்ளம். வேட்டைத் துப்பாக்கிகளில் பார்க்கிற, குறுக்கே வெட்டு வெட்டாக இருக்கும் பிக்கட்டினி ரெயில் வேறு சாதி. 1995-ல் அமெரிக்க ராணுவம் அளவு நிர்ணயித்தது. ஒன்றுக்கு வாங்கிய மவுண்ட் மற்றதில் உட்காராது. துப்பாக்கி காலி என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, கண்ணுக்கும் லென்ஸுக்கும் தூரத்தைச் சரிசெய்து, குறுக்குக் கோட்டை நேராக்கி, ஸ்க்ரூக்களை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். வேகத்தில் இறுக்கினால் குழாய் நசுங்கும். ஸ்பிரிங் ரைஃபிள் பின்னால் உதைத்து, உடனே முன்னாலும் வெட்டி இழுக்கும். பெரிய வேட்டைத் துப்பாக்கிக்குத் தாங்குகிற ஸ்கோப்கூட இதில் உதறிப்போவதுண்டு. மவுண்ட் வழுக்காமல் இருக்க ஸ்டாப் பின் அவசியம்.

ஆனால் ஸ்கோப் வந்ததும் பையன் கண் டப்பாவில் நிற்காது, மரக்கிளைக்குப் போகும். எனக்கு உண்மையான பயம் அதுதான். 20 ஜூலுக்கு உட்பட்ட 0.177 ரைஃபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்பதைக் கடைக்காரர் சொல்லிவிடுவார். 1972 வனவிலங்குச் சட்டப்படி கிளியோ மைனாவோ கொக்கோ சுட்டால் குற்றம் என்பதை அவர் சொல்ல மாட்டார். நாம்தான் சொல்ல வேண்டும், துப்பாக்கியைக் கையில் கொடுப்பதற்கு முன்பே.

இளவேனில் வாலறிவனைப் பாருங்கள். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்தவர், நம் வீட்டுப் பிள்ளைகள் மாதிரியே. 2019-ல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம், அப்புறம் டோக்கியோ, பாரிஸ் என்று இரண்டு ஒலிம்பிக். எல்லாம் பீப் சைட்டில்தான். ஸ்கோப்புக்கு எடுத்து வைத்த பணத்தில் பெல்லட் டப்பாக்களும் சில மாதப் பயிற்சிக் கட்டணமும் வந்துவிடும்.

ஞாயிறு காலை பாலேவாடி போகிறேன். வண்டியில் இரண்டு சீட் காலி. வருகிறவர்கள் சொல்லுங்கள்.