ஆற்றல் ஒன்றாக இருந்தால் போதுமா?

அணுக்கருவுக்கும் இடக்கை, வலக்கை உண்டு என்று போன வாரம் செமினாரில் நண்பன் ஒருவன் பேசினான். நன்றாகத்தான் பேசினான். ஆனால் கடைசி ஸ்லைடில் இரண்டு வரிசை ஆற்றல் மட்டங்களை அருகருகே காட்டி, "இதோ நிரூபணம்" என்று முடித்தானே, அங்கேதான் எனக்கும் அவனுக்கும் சண்டை.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக... 1997-ல் ஃபிராவன்டார்ஃப், மெங் இருவரும் முன்வைத்த யோசனை இது. மூன்று அச்சுகளும் வெவ்வேறு நீளமுள்ள அணுக்கரு. தனிப் புரோட்டானின் கோண உந்தம் குட்டை அச்சில், நியூட்ரான் துளையினுடையது நீள அச்சில், மீதிக் கரு சுழல்வது நடு அச்சில். மூன்று அம்புகளும் ஒரே தளத்தில் அடங்காததால் இடக்கை, வலக்கை என இரண்டு அமைப்புகள் வரும். ஆய்வகத்தில் இடதை மட்டும் தனியாகப் பிடிக்க முடியாது; இரண்டும் கலந்த நிலைகள்தான் கிடைக்கும். அதனால்தான் ஏறக்குறைய ஒரே ஆற்றலுள்ள இரட்டைப் பட்டைகளைத் தேடுகிறார்கள். பட்டை என்றால் ஏணிப்படி மாதிரி அடுக்கிய மட்டங்கள்.

2001-ல் ஸ்டாரோஸ்டா குழு 75 நியூட்ரான் கொண்ட சில கருக்களில் இத்தகைய ஜோடிகளைக் காட்டியது. அதில் பிரசியோடைமியம்-134தான் எல்லோருக்கும் செல்லப்பிள்ளை. இரண்டு ஏணிகளும் ஓரிடத்தில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு நெருங்கின. நண்பன் காட்டியதும் அதைத்தான்.

அவன் சொல்லாமல் விட்டது 2006. அந்த ஆண்டு டோனெவ் குழு அதே கருவின் நிலைகளுக்கு ஆயுட்காலம் அளந்தது. ஆயுளிலிருந்து காமா மாற்றத்தின் வலிமை கிடைக்கும். அசலும் ஆடிப் பிம்பமும் என்றால் இரண்டு பட்டையிலும் அந்த வலிமை ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை! ஒரே உயரம் என்பதற்காக இரண்டு பேரை இரட்டைப் பிள்ளைகள் என்பீர்களா?

அப்படியானால் எல்லாம் கட்டுக்கதையா? அதுவும் அவசரம்தான். அதே 2006-ல் குரோட்னர் குழு சீசியம்-128-ல் ஆயுட்காலம் அளந்தபோது வலிமைகள் எதிர்பார்த்தபடி ஒத்துப்போயின. ஆனால் 2018-ல் அந்தப் பட்டையின் அடிப்படியில் ஜி-காரணியை அளந்தார்கள். கிடைத்தது +0.59. அங்கே மூன்று அம்புகளும் ஏறக்குறைய ஒரே தளத்தில்! அதாவது, சுழற்சி ஓரளவு கூடிய பிறகே கை பிரிகிறது என்று அந்த அளவீடு சொல்கிறது.

எனக்கு இந்தத் துறை பிடித்ததே இதனால்தான். தங்கள் நல்ல உதாரணத்தையே மறுபடி அளந்து பார்க்கிறார்கள். நாமோ ஒரு படத்தைப் பார்த்ததும் "நிரூபணம்" என்று நோட்டில் எழுதிப் பரீட்சையிலும் கக்குகிறோம்.

நண்பா, அடுத்த முறை ஆயுட்கால ஸ்லைடையும் சேர். இல்லையென்றால் "அறிகுறி" என்று சொல், கைதட்டுகிறேன். மறுப்பிருந்தால் பின்னூட்டத்தில் வா, பேசுவோம்.