நோயியல் நோட்டு - 5: வெறும் பாக்குதானே!

இல்ஃபோர்ட் லேன் பக்கம் போனா வெற்றிலை பாக்குக்குப் பஞ்சமே இல்லை. "புகையிலை போடுறதில்லை, வெறும் பாக்குதானே"ன்னு நிம்மதியா மெல்றவங்களுக்குத்தான் இந்த வாரப் பாடம்.

தொந்தரவு வந்தா செல் உடனே சாகாது. முதல்ல சமாளிச்சுப் பார்க்கும். மண்வெட்டி பிடிக்கிற கை காய்ச்சுப் போற மாதிரி, பாக்கு உரசுற கன்னத்தோட உள்பக்கமும் தடிச்சு வெளுக்கும். இந்தக் கட்டத்துல நிறுத்தினா பெரும்பாலும் பழையபடி ஆயிடும்.

நிறுத்தலைன்னா? பாக்குல இருக்கிற அரிகோலின், அடியில நார்த்திசுவை வளர்த்துவிடும். கன்னம் இறுகும், காரம் பட்டா எரியும், வாயைத் திறக்க முடியாது. கென்யாவைச் சேர்ந்த 5 இந்தியப் பெண்களிடம் இதைப் பார்த்து 1952ல ஷ்வார்ட்ஸ் எழுதினார். பாக்கை விட்டாலும் அந்த இறுக்கம் முழுசா போகாது. சிலருக்குப் புற்றுநோயாவும் மாறும். புகையிலையே சேர்க்காத பாக்கும் புற்றுநோய் தரும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு முகமை 2004ல வெளியிட்ட அறிக்கை சொல்லுது.

மூணு விரலை ஒண்ணுமேல ஒண்ணா நிறுத்தி வாய்க்குள்ள விட்டுப் பாருங்க. நுழையலையா? பல் டாக்டர்கிட்ட போங்க. வீட்டுல பாக்கு போடுற பெரியவங்களுக்கும் சொல்லுங்க.

அடுத்த வாரம், செல் தானே செத்துப்போற கதை :)