பட்டாளத்துக்காரருக்கு மாற்றல் வந்தால் பிள்ளை மீது வழக்கா?



2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்த ஒரு வழக்கைப் படித்தால் மனம் ஆறாது. ஆந்திரப் பெண் ஒருவரின் கணவர் 2006-ல் இறந்தபோது அவர் கையில் இரண்டரை மாதக் குழந்தை. மறு ஆண்டு அவர் விமானப்படை விங் கமாண்டர் ஒருவரை மணந்தார். 2008-ல் இறந்தவரின் பெற்றோர் பேரனைக் கேட்டு நீதிமன்றம் போனார்கள். பச்சைப் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிக்கக் கீழ் நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஆனால் 2014-ல் உயர் நீதிமன்றம், பெற்ற தந்தையின் பெயரைக் காட்ட முடியாத ஆவணங்களில் தாயின் கணவரைப் பையனின் மாற்றாந்தந்தை என்றே குறிக்க வேண்டும் என்றது. பிள்ளையின் மனத்தை நினைத்துப் பார்க்காத கொடுமை என்று உச்ச நீதிமன்றம் அதை நீக்குவதற்குள், வழக்கு தொடங்கி 14 ஆண்டுகள் ஓடிவிட்டன. கைக்குழந்தைக்கு மீசை அரும்பிவிட்டது.

அங்கே சிக்கல் பெயரில் இருந்தது. ஊர் மாறும்போது அது இன்னும் இறுகுகிறது.

வேலூர் பக்கம் கம்மவான்பேட்டை போன்ற ஊர்களுக்குப் பட்டாள வாழ்க்கையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. இரண்டு மூன்று ஆண்டுக்கொரு மாற்றல். ஃபீல்டு ஏரியா என்றால் குடும்பம் கூடப் போக முடியாது. பீஸ் ஸ்டேஷன் கிடைத்தால்தான் ஒரே கூரை. ஒரு பெண், முதல் திருமணத்துப் பிள்ளையோடு, படைவீரர் ஒருவரை மணக்கிறார் என்று வையுங்கள். அந்தப் பெண் நீதிமன்றம் நியமித்த காப்பாளர் என்றால், 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தின் 26-ஆம் பிரிவுப்படி, அனுமதியின்றிப் பிள்ளையை அந்த நீதிமன்ற எல்லைக்கு வெளியே கொண்டுபோக முடியாது. ஜோத்பூருக்கு ஒரு மனு, அடுத்து செகந்திராபாத்துக்கு இன்னொன்றா? அதே சட்டத்தின் 9-ஆம் பிரிவு, பிள்ளை வழக்கமாக வசிக்கும் ஊரில்தான் காப்பாளர் மனுவைப் போட வேண்டும் என்கிறது. மூன்று ஆண்டில் மூன்று பள்ளி மாறிய பிள்ளைக்கு வழக்கமான ஊர் எது?

படைவீரரை மணந்து அவரது முதல் மனைவியின் பிள்ளையை வளர்க்கும் சித்தியின் நிலை இன்னும் மோசம். அப்பா லடாக்கில் இருப்பார். பிள்ளைக்குச் சோறு போட்டு, காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர் சித்தி. 1956-ஆம் ஆண்டு இந்து இளவர் சட்டமோ, இயற்கைக் காப்பாளர் பட்டியலில் மாற்றாந்தாயும் மாற்றாந்தந்தையும் அடங்க மாட்டார்கள் என்று வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது. பெற்றோரின் உரிமை முழுவதையும் அவருக்குக் கொடுக்கச் சொல்லவில்லை. பள்ளியிலும் மருத்துவமனையிலும் கையெழுத்துப் போடும் அளவுக்காவது அவரைச் சட்டம் பார்க்க வேண்டாமா?

போர்முனையில் இருப்பவரின் வழக்கைத் தள்ளிவைக்க 1925-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அது நிலத் தகராறுக்குப் போதும். பிள்ளை விஷயத்தில், தள்ளிவைக்கும் ஒவ்வொரு வாய்தாவும் அதன் வயதில் கழிகிறது. அமெரிக்காவில் படைவீரர் பாதுகாப்புச் சட்டத்தில் 2014-ல் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். பெற்றோரில் ஒருவர் படைப்பணிக்காக வெளியே இருந்தார் என்பதை மட்டுமே வைத்துப் பிள்ளையின் நலனைத் தீர்மானிக்கக் கூடாது. அதைக் காரணமாக்கிப் போட்ட தற்காலிக ஆணை, பணி கோரும் காலத்துக்கு மேல் நீடிக்கவும் கூடாது. நம்மிடம் அப்படி ஒரு வரி கிடையாது. காப்பாளர் சட்டச் சீர்திருத்தம் பற்றிச் சட்ட ஆணையம் 2015 மே மாதமே 257-ஆவது அறிக்கையைக் கொடுத்துவிட்டது. அதைச் சட்டமாக்காமல் வைத்திருப்பது, எல்லையில் நிற்கிறவர்களுக்குச் செய்யும் அநீதி.

நாடாளுமன்றம் அசையும்வரை நீதிமன்றங்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. அனுமதி பொதுவானதாகவும் இருக்கலாம் என்று அதே 26-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு சொல்கிறது. படைக் குடும்பங்களுக்கு அதை முதல் ஆணையிலேயே கொடுத்துவிடலாமே. பேரனைப் பார்க்கத் துடிக்கும் தாத்தா பாட்டியின் வலியும், பிரிந்து வாழும் தந்தையின் ஏக்கமும் பொய்யல்ல. ஆகவே கோடை விடுமுறையில் எத்தனை நாள், வாரத்தில் எந்த நாள் வீடியோ அழைப்பு, ஜோத்பூரிலிருந்து காட்பாடிக்கு ரயில் கட்டணம் யார் பொறுப்பு, யார் கூட்டி வருவது என்பதையும் அந்த ஆணையிலேயே எழுதிவிட வேண்டும்.

இப்படிக்கு,
வேலூர் வாசகர் ஒருவர்