நந்தும் நத்தையும்

மழைக்காலத்தில் வயல் வரப்பில் ஊரும் நத்தையைக் காணாதார் நம் பாலாற்றங்கரையில் இரார். மந்தமாய் நடப்பவனை 'நத்தை' என்று இகழ்தலும் எங்கும் உள்ள வழக்கே. இவ்விகழ்ச்சி அச்சொல்லின்கண்ணேயே உளதா, அன்றி மாந்தர் பின்னர் ஏற்றியதா என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்தது.

நத்தைக்குப் பழம்பெயர் நந்து. தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவு வகையாற் பகுக்குங்கால், மெய்யுணர்வும் நாவுணர்வும் உடைய ஈரறிவுயிர்களுள் நந்தினை வைத்தார். நந்து என்பது வலித்து நத்து என நிற்கும். நத்தை என்பது அதன் வழிப்பட்டதே. 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி, நந்து என்பதற்கு நத்தை, சங்கு என்னும் இரு பொருளும் தருகின்றது.

நந்துதல் என்னும் வினையோ வளர்தலையும் குறிக்கும், கெடுதலையும் குறிக்கும். திருக்குறளின் புகழ் அதிகாரத்து வரும் நத்தம் என்னும் சொல்லுக்கு, நந்து என்பதன் விகாரமாகக் கொண்டு ஆக்கம் எனப் பொருள் கண்டார் பரிமேலழகர். எபிரெயப் புலவரோ 58-ஆம் சங்கீதத்தில் தீயோர் அழிவிற்கு நத்தை கரைந்தொழிதலை உவமையாக்கினார். ஆங்கிலர் நத்தைக்கு இட்ட பெயர் ஊர்தற் பொருளுடைய வேரினின்று தோன்றியது. பாம்பிற்கு அவர் வழங்கும் பெயர்களுள் ஒன்றும் அதற்கு உறவே. இவற்றுள் எதனினும் இகழ்ச்சியைக் கண்டிலேம்.

கடற்சங்கையும் சேற்று நத்தையையும் ஒருபெயரால் அழைத்த நம் முன்னோர் பிழைபட்டாரல்லர். இரண்டும் வயிற்றையே காலாகக் கொண்டு ஊரும் ஓரினத்து மெல்லுடலிகளே என்று இக்கால உயிர்நூலாரும் கூறுவர். ஆயினும் சங்கு கோயிலில் முழங்கிச் சிறந்தது. நத்தை ஏழையின் கலத்திற் கறியாகித் தாழ்ந்தது. அதனை உண்பாரையும் உலகம் உடன் தாழ்த்திற்று.

இவ்வநீதி நத்தையளவில் நிற்பதன்று. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் பதனிட்ட தோல் காலணியாய்ப் பிறநாடு செல்லுங்கால் விலையும் மதிப்பும் பெறுகின்றது. சுண்ணாம்பு நீரில் நின்று அதனைப் பதனிட்ட கைகளோ மதிப்புப் பெற்றில. பொருள் ஒன்றாயிருப்ப, அது சேருமிடம் நோக்கி உயர்வு தாழ்வு கற்பிக்கும் வழக்கம் இரண்டிடத்தும் ஒன்றே.

நத்தை வயிற்றிலும் முத்துப் பிறக்கும் என்பது நாட்டுப் பழமொழி. முத்துப் பிறந்தால்தான் நத்தைக்கு மதிப்பு என்று அதற்குப் பொருள் கொள்ளற்க. பெயரிட்ட பழந்தமிழர் முத்தினை எதிர்பார்த்தாரல்லர். சங்கோடு ஒப்பவே நத்தைக்கும் பெயர் தந்தனர். தமிழ் பயிலும் மாணவராகிய நாம் சொல்லின் வரலாற்றைத் தேர்விற்கு மட்டும் கற்றொழியாது, 'நத்தை தின்பவர்', 'தோல் தொழிலாளர்' என்று பிறரைத் தாழ்த்திப் பேசும் பேச்சை முதற்கண் நம் விடுதியினின்றேனும் நீக்குவோமாக.