பாட்டா, படிப்பா?

உயர்தரத்தில் நான் எடுத்திருக்கும் பாடங்கள் தமிழ், புவியியல், கர்நாடக சங்கீதம். தெரணியகலையில் உறவினர் யார் கேட்டாலும் முதல் இரண்டுக்கும் தலையாட்டுவார்கள். மூன்றாவதைச் சொன்னதும், "ஏன் புள்ள, படிக்க வேற பாடம் கிடைக்கல்லியா?" என்பார்கள். வாப்பா அப்படிச் சொல்லவில்லை. "பாட்டா, படிப்பா? ஒன்றைத் தீர்மானியுங்க மகள்" என்றார்.

அந்தக் கேள்விதான் பிழை என்பது என் கருத்து.

இசை பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதில் தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. ஆனால் உம்மும்மா பாடும் கஸீதாவிலிருந்துதான், ராகம் என்ற சொல்லை அறியுமுன்பே ராகத்தை அறிந்தேன். பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த மெய்யியலாளர் அல்-பாராபி, தர்க்கம் எழுதிய அதே கையால் இசைக்கும் ஒரு பெருநூல் எழுதினார். நம் நாட்டிலும் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் ஒரு விஞ்ஞானப் பட்டதாரி; இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். 1947இல் வெளிவந்த அவரது யாழ் நூலில் தமிழும் கணிதமும் இசையும் பிரிக்க முடியாமல் கலந்திருக்கின்றன. அவர்கள் யாரும் ஒன்றுக்காக மற்றதைக் கைவிடவில்லை.

இன்று இசையைப் பட்டப்படிப்பாகவே கற்கலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் அதற்கு இடமுண்டு. அங்கே பாடுவது மட்டுமல்ல, இசையின் வரலாறும் கோட்பாடும் பாடங்கள்தான். படித்தவர்கள் எல்லாரும் மேடையேற வேண்டும் என்றில்லை. வகுப்பறையிலும் ஆய்விலும் அவர்களுக்கு வேலை இருக்கிறது.

வாப்பாவின் பயத்தையும் நான் மதிக்கிறேன். தெரணியகலையிலிருந்து யாழ்ப்பாணமோ மட்டக்களப்போ பக்கமில்லை. விடுதி, செலவு, பட்டத்துக்குப் பிந்திய தொழில் எல்லாம் நியாயமான கேள்விகள். அவற்றுக்கு விடை தேட வேண்டியவர்கள் நாங்கள்தான்; பெற்றோரிடம் கோபித்துக்கொண்டு அறைக்குள் இருப்பதால் விடை வராது.

தங்கைமாருக்கு ஒன்று சொல்கிறேன். இசைப் பட்டத்துக்கு இசட் புள்ளி மட்டும் போதாது. செய்முறைப் பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும். அதற்கான அறிவித்தல் வந்ததும் அந்தப் பல்கலைக்கழகத்துக்கே தனியாக விண்ணப்பிக்க வேண்டும். மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை வீட்டில் எல்லாருமாக உட்கார்ந்து வாசியுங்கள். விருப்ப ஒழுங்கில் இசையை முதலாவதாகவும் கலைப் பட்டத்தை அடுத்ததாகவும் எழுதினால், ஒரு கதவு மூடினாலும் மற்றது திறந்திருக்கும்.

சென்ற வாரம் கைநூலை வாப்பாவின் முன் வைத்தேன். மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு அரை மணித்தியாலம் வாசித்தார். பிறகு, "செய்முறைப் பரீட்சைக்கு யார் கூட்டிட்டுப் போறது?" என்று கேட்டார்.

அது மறுப்பல்ல என்று எனக்குத் தெரியும். இன்ஷா அல்லாஹ், அவர்தான் கூட்டிப் போவார்.