கரிமலையில் மழை

எருமேலியில் பேட்டை துள்ளி, பேரூர்த்தோடு, காளைகட்டி, அழுதா நதி, கரிமலை எனக் கடந்து பம்பையை அடையும் பழைய வழியைச் சாமிமார் பெருவழி என்பர். 40 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட இப்பாதையின் பெரும்பகுதி, காட்டுக்குள் ஏறியும் இறங்கியும் செல்கிறது. பம்பை வரை பேருந்து செல்லும் இக்காலத்திலும், ஆண்டுதோறும் இவ்வழியே நடப்பவர்கள் உண்டு. அவர்களுள் அறுபதைத் தாண்டியவர்களும் பலர்.

கார்த்திகை முதல் வாரங்களில் அப்பக்கம் மழை ஓய்ந்திருப்பதில்லை. ஐப்பசியில் தொடங்கும் அந்த மழையை மலையாளத்தார் துலாவர்ஷம் என்பர். காலையில் வானம் தெளிந்திருக்கும். பிற்பகலில் இடியுடன் கொட்டும். அனுபவம் மிக்க குருசாமிகள் இருட்டிலேயே குளித்து, சரணம் விளித்து, விடியும்போது நடக்கத் தொடங்குவதற்கு இதுவே காரணம். பிற்பகலில் குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் வனத்துறையினரும் எவரையும் காட்டுக்குள் விடுவதில்லை. அந்தி சாய்ந்தபின் அப்பாதை யானைகளுக்கு உரியது.

மழை பெய்யும் நாளில் முதலில் மாறுவது ஓசை. முன்னே போகும் குழுவின் சரண கோஷம் இருபது அடிக்கு அப்பால் கேட்பதில்லை. அடுத்து மாறுவது மண். கரிமலையின் கரிய மண், வெயிலில் மெத்தைபோல் இருப்பது, ஈரத்தில் வெண்ணெயாகிவிடும். கல்லைவிட வேர் பொல்லாதது. பல்லாயிரம் பாதங்கள் தேய்த்து மழமழப்பாக்கிய மரவேரில் நனைந்த பாதம் நிற்பதே இல்லை. ஏற்றத்தை எண்ணியே அனைவரும் அஞ்சுவர். உண்மையில் வழுக்கி விழுவோர் பெரும்பாலும் இஞ்சிப்பாறை இறக்கத்திலும், கரிமலை உச்சியிலிருந்து பெரியானை வட்டத்துக்கு இறங்கும் சரிவிலுமே விழுகின்றனர். முழங்கால் தளர்ந்தவர்களுக்கு ஏற்றம் மூச்சைத்தான் வாங்கும். இறக்கமோ எலும்பைச் சோதிக்கும்.

இருமுடியைப் பற்றிய கவலை எல்லோருக்கும் உண்டு. முத்திரைத் தேங்காயின் கண் அடைத்து மெழுகிடப்பட்டிருப்பதால் நெய்க்கு மழையால் பங்கமில்லை. நனைந்து கெடுவது அரிசியும் அவலும்தான். முன்பெல்லாம் ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் பையில் கட்டுவர். இப்போது இருமுடிக்குள் பிளாஸ்டிக் வேண்டாம் என்று தேவஸ்வம் போர்டு வலியுறுத்துகிறது. காட்டில் எறியும் பைகளை யானையும் மானும் தின்று மடிவதைக் கேட்டவர் எவரும் இதைக் குறை கூற மாட்டார். தனித்தனியாகத் துணியில் முடிந்து, முடிக்கு மேலே ஒரே ஒரு மழைத்துணியைப் போர்த்தி, அதைத் தவறாமல் வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்தால் போதும்.

அட்டைகளுக்கு உப்புப் பொட்டலமும் புகையிலையும் பழைய மருந்து. அட்டை கடித்தால் வலிப்பதில்லை. ஆனால் இரத்தம் சீக்கிரம் உறையாது. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்பவர்களுக்கு அது இன்னும் நீடிக்கும். அவர்கள் புறப்படுமுன் மருத்துவரிடம் சொல்லிவிடுவது நலம். சர்க்கரை நோயாளர்களுக்கு இதனினும் பெரிய அபாயம் உண்டு. நாள் முழுதும் நீரில் ஊறிய உள்ளங்கால் மென்மையாகிச் சிறு கல்லுக்கும் கிழியும். உணர்வு குன்றிய பாதத்துக்கு அது தெரியாது.

தென்மாவட்டக் குழு ஒன்றில் நிகழ்ந்தது இது. பதினாறு பேர். அவர்களுள் ஒருவருக்கு அது பதினெட்டாம் ஆண்டு. பதினெட்டு முறை மலைக்குச் செல்பவர் தென்னங்கன்று சுமந்து செல்வது மரபு. அவரும் கோணியில் வேர் பொதிந்த கன்றை எருமேலியிலிருந்து பிறரிடம் கொடாமல் தாமே சுமந்து வந்தார். அன்று மழை முற்பகலிலேயே பிடித்துக்கொண்டது. அழுதைக் கரையை அடைந்தபோது ஆறு செம்மண் நிறத்தில் பெருகியிருந்தது. மூழ்கிக் கல்லெடுக்க வேண்டாம், கரையோரத்திலேயே எடுங்கள் என்று குருசாமி எல்லோரையும் தடுத்தார். அந்நேரம் ஈரப்பாறையில் சிவப்புத் தடம் தெரிந்தது. பதினெட்டாம் ஆண்டுக்காரரின் வலது பாதம் இரண்டு அங்குல நீளம் கிழிந்திருந்தது. அவருக்கு அது தெரியவே இல்லை.

"சாமி, உங்களுக்குச் சர்க்கரை உண்டா?" என்றார் குருசாமி.

"பன்னிரண்டு வருஷமாக உண்டு, சாமி."

குருசாமி அவரைத் திருப்பி அனுப்ப முடிவு செய்தார். காளைகட்டிக்குப் போய் வண்டி பிடித்தால் எருமேலி. அங்கிருந்து பேருந்தில் பம்பை. அவர் மறுத்தார். பதினேழு ஆண்டும் பெருவழியே வந்தவர், கன்று சுமக்கும் ஆண்டில் பேருந்தில் போவதா என்று கண் கலங்கினார்.

"மலைக்கு வந்த வருஷத்துக்குத்தான் கணக்கு, சாமி. வழிக்குத் தனிக் கணக்கு கிடையாது" என்ற குருசாமி, அடுத்துச் செய்ததை எவரும் எதிர்பார்க்கவில்லை. குழுவை வழி தெரிந்த மூத்த சாமி ஒருவரிடம் ஒப்படைத்தார். அன்றிரவு முக்குழியைத் தாண்டக் கூடாது, விடிந்த பின்பே கரிமலை ஏற வேண்டும் என்று சொன்னார். தம் இருமுடியுடன் அவரோடு தாமும் திரும்பினார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவரும் பெருவழியை விட்டு வேறு வழியில் சென்றதில்லை. துணைக்கு இளைஞன் ஒருவனை அனுப்பியிருக்கலாமே என்று பின்னர் சிலர் கேட்டதுண்டு. இளைஞன் உடன் சென்றிருந்தால் அவர் பாதி வழியில் மனம் மாறித் திரும்பி நடந்திருப்பார் என்பதே உண்மையாக இருக்கும்.

திரும்புமுன் அவர், தாம் எடுத்த அழுதைக் கல்லை ஒரு கன்னிசாமியின் கையில் கொடுத்தார். பம்பையில் மருத்துவர் காயத்தைக் கழுவிக் கட்டுப்போட்டு, ஊசியும் போட்டார். ஒருநாள் முழு ஓய்வு வேண்டும், நீலிமலை ஏற வேண்டாம், சரிவு குறைந்த சுவாமி ஐயப்பன் சாலையில் மெல்லச் செல்லலாம் என்றார்.

மறுநாள் மாலை, முழங்கால் வரை சேறு அப்பிய பதினான்கு பேரும் பம்பை வந்து சேர்ந்தனர். கன்னிசாமி இருமுடியை இறக்குமுன்னரே அவரைத் தேடிவந்து, கல்லிடுங்குன்றில் இரண்டு கல்லும் போட்டாயிற்று என்றான். அவர் அப்போது கன்றின் கோணியை அவிழ்த்து, வேரில் ஈரம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.