காபிக்கடை லோகோ போதும்

கல்லூரி லேபில் டிசைன் மாணவர்கள் செய்த போர்ட்ஃபோலியோக்களை வரிசையாகப் புரட்டினால், உலகத்தில் காபிக்கடையைத் தவிர வேறு தொழிலே இல்லையோ என்று தோன்றிவிடும். முதல் பக்கத்தில் காபிக்கடை லோகோ. அடுத்த பக்கத்தில் அதே லோகோ போட்ட காகிதக் கப், துணிப்பை, விசிட்டிங் கார்டு. பிறகு ஒரு ஷூ விளம்பரம். பிறகு எப்போதோ வெளியாகி ஓடி முடிந்த படத்துக்கு இவர்கள் போட்ட புது போஸ்டர். எல்லாமே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாக்கப்பில் ஒட்டியவை. கடை கிடையாது. "இந்தக் கலர் எனக்குப் பிடிக்கல, மாத்துங்க" என்று படுத்தி எடுக்க முதலாளியும் கிடையாது. அவர் இல்லாமல் டிசைன் தொழிலை எப்படிக் கற்றுக்கொள்வது?

பிராக்டிகல் தேர்வுக்கு எக்ஸ்டர்னலாகப் போகிற இடங்களில் நான் தவறாமல் ஒன்று கேட்பேன்: "தமிழ்ல பண்ணினது ஏதாவது இருக்காப்பா?" பதிலும் தவறாமல் வரும்: "தமிழ் ஃபான்ட் உடையுது சார்."

பையன் சொல்வது பொய்யில்லை. போட்டோஷாப்பையோ இல்லஸ்ட்ரேட்டரையோ ஆங்கிலத்துக்கான அமைப்பிலேயே வைத்துக்கொண்டு ‘கொ’ என்று அடித்தால், கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் சிதறும். எழுத்துக்குப் பின்னால் சேமிக்கப்படும் கொம்பை முன்னால் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்பது அந்த அமைப்புக்குத் தெரியாது. தெற்காசிய மொழிகளுக்கான வசதியை ஒருமுறை செட்டிங்ஸில் தேர்ந்தெடுத்து, பத்தி அமைப்பில் ‘வேர்ல்ட் ரெடி’ கம்போசரை வைத்தால் போதும், சரியாகிவிடும். இரண்டு நிமிட வேலை. இதைச் சொல்லித்தர ஆளில்லாததால், பல மாணவர்கள் ஃப்ளெக்ஸ் கடை அண்ணன்களிடமிருந்து பழைய வானவில் அல்லது பாமினி எழுத்துருவை வாங்கி ஓட்டுகிறார்கள். பார்வைக்குத் தமிழ்தான், ஆனால் ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்த ஏற்பாடு அது. அந்த பிடிஎஃப்பிலிருந்து ஒரு வரியை எடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள், ஒரு சொல்லும் புரியாது. யூனிகோடில் நல்ல தமிழ் எழுத்துருக்கள் இல்லாத காலம் போய்விட்டது. பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த காட்டமரன் ஒன்பது தடிமன்களில் இலவசமாகக் கிடைக்கிறது. முக்த மலர், பலூ தம்பி என்று இன்னும் பல இருக்கின்றன.

எழுத்து உடையாமல் வந்தபிறகுதான் உண்மையான வேலை ஆரம்பம். தமிழ்ச் சொல் ஆங்கிலச் சொல்லைவிட நீளம். ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பெட்டியில் அது அடங்காது. உடனே தமிழைச் சின்னதாக்கிவிடுவார்கள். வரிகளுக்கு இடையே ஆங்கிலத்துக்கு விடும் இடைவெளியையே விட்டால், மேல்வரியின் ‘கூ’ கீழ்வரியின் ‘கீ’ மேல் இடிக்கும். இதையெல்லாம் எந்த மாக்கப்பும் கற்றுத்தராது. கையால் செய்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

செய்து பார்க்க வேலை கல்லூரி வாசலிலேயே இருக்கிறது. பூந்தமல்லியைத் தாண்டி ஸ்ரீபெரும்புதூர் வரை பெங்களூர் நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் கல்லூரிகள்தான். காலையில் மஞ்சள் பஸ்கள் குத்தம்பாக்கத்தைக் கடந்து சாரிசாரியாகப் போகின்றன. உள்ளே இருப்பவர்களில் எத்தனை பேருக்கு அது என்ன ஊர் என்று தெரியுமோ! 1996இல் இந்த ஊராட்சிக்குத் தலைவரான இளங்கோ, விஞ்ஞானி வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பிய பொறியாளர். தலித் குடும்பமும் மற்ற குடும்பமும் நடுச்சுவரைப் பகிர்ந்துகொள்ளும் இரட்டை வீடுகளை இங்கே கட்டிக்காட்டினார். ஊராட்சி நிர்வாகத்தைக் கற்றுக்கொள்ள வெளியூர்க்காரர்கள் தேடி வந்த ஊர் இது. அதே ஊரில்தான் இப்போது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் (சிஎம்டிஏ) புதிய பேருந்து முனையம் எழும்பியிருக்கிறது. தெற்கே போகிறவர்களுக்குக் கிளாம்பாக்கம்போல, காஞ்சிபுரம், வேலூர், பெங்களூர் பக்கம் போகிறவர்களுக்கு இந்த முனையம்.

போர்ட்ஃபோலியோவுக்கு இதைவிட என்ன வேண்டும்? முனையத்தின் நுழைவாயிலில் நிற்கும் ஒரு பாட்டிக்கு வேலூர் பஸ் எந்தப் பக்கம் என்று காட்ட வேண்டும். அவருக்கு வேகமாகப் படிக்க வராது, கையில் மூட்டை வேறு. அந்தப் பலகையை வரையுங்கள். ஏ3 தாளில் பிரின்ட் எடுத்துச் சுவரில் ஒட்டி, இருபதடி தள்ளி நின்று வீட்டுப் பெரியவர்களை வாசிக்கச் சொல்லுங்கள். அவர்கள் திணறிய இடத்தைக் குறித்துக்கொண்டு மாற்றி வரையுங்கள். திணறிய பலகை, திருத்திய பலகை இரண்டையும் போர்ட்ஃபோலியோவில் வையுங்கள். வேலைக்கு ஆள் எடுப்பவர் பார்க்க விரும்புவது அந்த இரண்டுக்கும் நடுவில் நீங்கள் யோசித்ததைத்தான். முடிந்த படம் மட்டும் என்றால் அதை யாரும் எங்கிருந்தும் இறக்கிவிடலாம். இப்போது ஏஐ வேறு வந்துவிட்டது.

பெரிய ஆட்கள் இப்படித்தான் வந்தார்கள். துறையூர் அருகே கீரம்பூரிலிருந்து வந்து சென்னை ஓவியக் கல்லூரியில் படித்த ஆதிமூலம், 1969இல் காந்தி நூற்றாண்டையொட்டி ஒரே மனிதரை நூறு கோட்டோவியங்களாக வரைந்தார். பின்னாளில் சிற்றிதழ்களின் அட்டையில் அவர் எழுதிய தலைப்பெழுத்துகளைப் பார்த்துத்தான், தமிழ் எழுத்து இவ்வளவு அழகாக வளையுமா என்று வாசகர்கள் வியந்தார்கள். 2010இல் நம் ரூபாய்ச் சின்னத்தைத் தந்த உதயகுமார், சென்னையில் கட்டடக்கலை படித்துவிட்டு மும்பை ஐஐடியில் தமிழ் எழுத்து வடிவங்களை ஆய்வு செய்தவர். மாணவராக இருந்தபோதே பராசக்தி என்று ஒரு தமிழ் எழுத்துருவை வடிவமைத்தவர். இருவருமே கைக்கெட்டிய தூரத்தில் இருந்ததை எடுத்துக்கொண்டு, விடாமல் தோண்டினார்கள்.

லேப் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ரெக்கார்டில் கையெழுத்துப் போடும் முன், ஒரு வேலையாவது தமிழில், நிஜமான ஓர் ஆளுக்காகச் செய்ததாக இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்குங்கள். அதற்கு இன்டர்னல் மார்க்கும் கொடுங்கள். மார்க் இல்லாத வேலையை எந்தப் பிள்ளையும் செய்யாது.

ஆள் எங்கே கிடைப்பார் என்று மாணவர்கள் கேட்டால், ஊராட்சி அலுவலகத்தைக் கைகாட்டுங்கள். ஊராட்சியின் வரவு செலவைக் கிராம சபையில் ஃப்ளெக்ஸில் வைக்கிறார்கள். பொடி எழுத்தில், வரிசை வரிசையாக எண்கள். நின்று படிப்பவர் குறைவு. தெருவிளக்குக்கு எவ்வளவு, குடிநீருக்கு எவ்வளவு என்று பார்த்ததும் புரிகிற மாதிரி அதை வரைந்து கொடுத்தால் எந்தச் செயலரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஒரு செமஸ்டருக்கு இரண்டு கூட்டமாவது வரும்.